நைரோபி: தண்டவாளத்தில் போட்ட பணம், கட்டிலில் வந்த வருமானம்

1899 மே 30 அன்று, இன்றைய கென்யாவின் கடற்கரை ஊரான மொம்பாசாவில் தொடங்கிய தண்டவாளம் நைரோபியை எட்டியது. அன்று அங்கே ஊர் என்று எதுவும் இல்லை. மாசாய் மக்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் ஒரு சின்ன ஆறு, அதை ஒட்டிக் கோரை மண்டிய சதுப்பு, அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி, அவ்வளவுதான். ‘குளிர்ந்த நீர்’ என்று பொருள் தரும் மாசாய்ச் சொல்லே பிறகு ஊருக்குப் பெயராயிற்று. ரயில்வே எஞ்சினியர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கடலிலிருந்து சுமார் 326 மைல் வந்தாகிவிட்டது. இனிமேல் கிகுயு இன மக்கள் வாழும் மலைச்சரிவில் ஏறி, ரிஃப்ட் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் சாமானை இறக்கி வைக்கவும் எஞ்சினைப் பழுது பார்க்கவும் இப்படி ஒரு சமதளம் வேறு கிடைக்காது.

ஐந்தரை ஆண்டு கழித்து, 1904 கிறிஸ்துமஸ் நாளில், அதே சதுப்பின் மறுகரையில் நார்ஃபோக் ஹோட்டல் கதவைத் திறந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஸ்டான்லி ஹோட்டல் நடந்துகொண்டிருந்தது. இரண்டும் இன்றைக்கும் நைரோபியில் இருக்கின்றன. இந்த இரண்டு ஹோட்டல்களையும் அவற்றுக்கு ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிய, மொம்பாசாவிலிருந்து உகாண்டாவை நோக்கிப் போட்ட உகாண்டா ரயில்வேயையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. ரயிலுக்கு யார் பணம் போட்டார்கள், அந்தப் பணம் எங்கே போய்ப் பலன் தந்தது, அந்தப் பலனுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பவையே இதன் கேள்விகள்.

பங்குதாரர் இல்லாத ரயில்

கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டன் முதலில் கம்பெனி வழியாகத்தான் கால் வைத்தது. வில்லியம் மக்கினன் தலைமையில் 1888ல் அரச சாசனம் பெற்ற இம்பீரியல் பிரிட்டிஷ் ஈஸ்ட் ஆப்பிரிக்கா கம்பெனியிடம் அந்த நிலப்பரப்பு ஒப்படைக்கப்பட்டது. கம்பெனிக்கு ஆசை இருந்தது, மூலதனம் இல்லை. 1895ல் அரசே பொறுப்பை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு லண்டன் நாடாளுமன்றம் ரயிலுக்கு 30 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. வேலை முடிந்து கணக்குப் பார்த்தபோது செலவு சுமார் 55 லட்சம் பவுண்டு.

இது முழுக்க பிரிட்டனில் வரி கட்டியவர்களின் பணம். இந்தியாவில் ரயில் போட்ட தொடக்ககாலக் கம்பெனிகளுக்கு, நட்டம் வந்தாலும் ஐந்து சதவீத வட்டி என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அந்த வட்டி இந்திய மக்களின் வரியிலிருந்து போனது. உகாண்டா ரயிலில் பங்குதாரரும் இல்லை, கொடுக்க வேண்டிய லாப ஈவும் இல்லை. நைல் நதியின் ஊற்றுக்கண் இருக்கும் உகாண்டாவை வேறு எந்த வல்லரசும் பிடித்துவிடக் கூடாது, அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்பவையே இதற்குச் சொல்லப்பட்ட நியாயங்கள். எதை ஏற்றிச் செல்லப் போகிறோம் என்ற கேள்விக்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை. நாடாளுமன்றத்தில் ஹென்றி லபூஷேர் என்ற உறுப்பினர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அவரைக் கேலிப் பேச்சுக்காரர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் பார்வையில் அன்றைக்கு ஒரு முதலீட்டாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர்தான் கேட்டார்.

பணம் பிரிட்டனுடையது, உழைப்பு இந்தியாவினுடையது. பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து கராச்சி வழியாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் மொத்தம் 31,983 பேர். அவர்களில் 2,493 பேர் இறந்துபோனார்கள். பாதையின் நீளம் 582 மைல். மைலுக்கு நாலு உயிருக்கும் மேல். 1898ல் சாவோ ஆற்றுப் பாலத்தருகே இரண்டு சிங்கங்கள் தொழிலாளர்களைத் தூக்கிப்போன கதை உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் விபத்தும்தான். அந்தச் சாவுகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. ஒப்பந்தம் முடிந்தபின் 6,724 பேர் அங்கேயே தங்கினார்கள்.

சரக்கு இல்லாத பாதை

1901 டிசம்பர் 20 அன்று தண்டவாளம் விக்டோரியா ஏரிக்கரையை, இன்றைய கிசுமுவை, தொட்டது. அப்புறம்தான் நிஜச் சிக்கல் ஆரம்பமாயிற்று. கடற்கரையை விட்டதுமே தாரு என்ற முட்காடு, வறண்ட நிலம். அங்கே ஏற்றவும் ஒன்றுமில்லை, இறக்கவும் ஒன்றுமில்லை. தந்தத்தையும் தோலையும் நம்பி 582 மைல் ரயிலை ஓட்ட முடியாது. முதல் சில ஆண்டுகள் ஓட்டச் செலவுக்கே வருமானம் பற்றவில்லை.

அந்தப் பகுதியை நிர்வகித்த கமிஷனர் சர் சார்லஸ் எலியட் இதற்குக் கண்ட வழி, பாதையை ஒட்டி வெள்ளைக்காரக் குடியேறிகளை உட்காரவைப்பது. அவர்கள் விளைவிப்பதை ரயில் கடலுக்குக் கொண்டுபோகும், அவர்களுக்கு வேண்டியதைக் கடலிலிருந்து கொண்டுவரும். 1902ல் ஒரே ஆண்டில் இரண்டு காரியம் நடந்தது. உகாண்டாவின் கிழக்கு மாகாணம் கிழக்கு ஆப்பிரிக்கப் பாதுகாப்பு நாட்டோடு (இன்றைய கென்யா) சேர்க்கப்பட்டதால் பாதை முழுவதும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தது. நிலத்தை வெள்ளைக்காரருக்கு விற்கவும் குத்தகைக்கு விடவும் வழிசெய்யும் அரச நிலச் சட்டமும் வந்தது. 1903ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிய டெலமியர் பிரபுவுக்கு ஞோரோவில் ஒரு லட்சம் ஏக்கர் கிடைத்தது.

அந்த நிலம் காலியாகக் கிடந்ததல்ல. 1904ல் மாசாய்த் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, ரயில் பாதையை ஒட்டிய ரிஃப்ட் பள்ளத்தாக்கு மேய்ச்சல் நிலத்திலிருந்து அந்த மக்களை வடக்கே லைக்கிப்பியாவுக்கும் தெற்கே இன்னொரு பகுதிக்கும் அனுப்பினார்கள். அந்த இனம் இருக்கும் வரை செல்லும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஏழே ஆண்டில், 1911ல், இன்னொரு ஒப்பந்தம் போட்டு லைக்கிப்பியாவிலிருந்தும் கிளப்பினார்கள். மாசாய் மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒப்பந்தம் என்பது இரு அரசுகளுக்கு நடுவே நடப்பது, அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று வழக்கு தள்ளுபடியாயிற்று. ரயில் முதலீடு பற்றிய ஆய்வில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ரயிலின் வரவு செலவைச் சரிக்கட்டத்தான் இந்த நிலம் எடுக்கப்பட்டது. ஆகவே முதலீட்டுக் கணக்கின் முதல் வரியிலேயே இது இருக்க வேண்டும்.

காத்திருப்பவனிடம் சம்பாதிப்பது

இப்போது ஹோட்டலுக்கு வருவோம். முதலில் வழிநெடுக என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். அந்த ரயிலில் ஆரம்ப காலத்தில் சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. மொம்பாசாவில் நடுப்பகலில் ஏறினால் மறுநாள்தான் நைரோபி. வோய் போன்ற நிலையங்களில் வண்டி நிற்கும். பயணிகள் இறங்கி, செம்மண் தூசியைத் தட்டிவிட்டு, ஸ்டேஷன் பக்கத்து டாக் பங்களா என்ற பயணியர் விடுதியில் சாப்பிட்டுவிட்டு வந்து ஏறுவார்கள். இந்தியாவில் பழகிய ஏற்பாட்டை அப்படியே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். சமையலும் பரிமாறலும் பெரும்பாலும் கோவாக்காரர்கள் கையில். செலாவணியும் இந்திய ரூபாய்தான், 1920 வரைக்கும். நைரோபி ஹோட்டலில் பில் கொடுத்ததும் ரூபாயில்தான்.

நைரோபி இறங்குமிடம். ரயில்வே தன் தலைமையகத்தை 1899லேயே அங்கே மாற்றிவிட்டது. ஊரின் வரைபடம் ரயில்வே போட்டது. ஆபீசர்களுக்கு மேட்டில் வீடு, சிப்பந்திகளுக்குப் பணிமனை ஓரமாக வரிசைக் குடியிருப்பு, நடுவில் இந்திய பஜார். வடிகால் சரியில்லாத அந்தப் பஜாரில் 1902ல் பிளேக் வந்தது, கடைகளைக் கொளுத்தினார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் விக்டோரியா தெருவில் டாமி வுட் என்பவர் கடை வைத்திருந்தார். கடையோடு சேர்ந்தே தங்கும் விடுதி. தையல் வேலை தெரிந்த மேயன்ஸ் பெண்ட் என்ற பெண்மணி அந்தத் தெருவில் 1902ல் தனியாக ஹோட்டல் தொடங்கினார். ஆப்பிரிக்காவுக்குள் பயணம் செய்து பேர்போன ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியின் பெயரை அதற்கு வைத்தார்.

அவருடைய மூலதனம் எவ்வளவு சின்னது என்பதை மெத்தையை வைத்தே சொல்லலாம். லித்துவேனியாவில் பிறந்து, தென்னாப்பிரிக்கா போய், 1903ல் இங்கே வந்து சேர்ந்த ஆப்ரகாம் பிளாக் என்ற யூத இளைஞர், துணி வாங்கிப் பை தைத்து, காய்ந்த புல்லை அடைத்து, ஸ்டான்லிக்கு மெத்தை செய்துகொடுத்தார். புல்லுக்குக் காசு கிடையாது, ஊரைச் சுற்றிக் கிடந்தது. இந்த மெத்தைக்காரரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1905ல் விக்டோரியா தெருவில் தீப்பிடித்தது. ஸ்டான்லியும் எரிந்தது. தகரமும் மரமும் கொண்டு கட்டிய ஊர், எரியத்தான் செய்யும். மேயன்ஸ் பெண்ட் தொழிலை விடவில்லை. வேறு கட்டடத்துக்கு மாறினார், பிறகு 1913ல் நியூ ஸ்டான்லி என்ற பெயரில் இன்னும் பெரிதாகக் கட்டினார். எரிந்த ஹோட்டலை உடனே வேறிடத்தில் தொடங்குவது என்றால், அறைகளுக்குத் தேவை அவ்வளவு இருந்தது என்றுதான் அர்த்தம்.

அந்தத் தேவை எங்கிருந்து வந்தது? ஹோட்டல் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடம் மிகவும் முக்கியம். நைரோபியில் வந்து இறங்கியவர்கள் ஓர் இரவு தங்கிவிட்டு ஊர் போய்ச் சேரும் பயணிகள் அல்ல. 1903, 1904ல் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் நிலம் தேடி வந்தவர்கள். நில அலுவலகத்திலோ அளவையாளர்கள் பற்றாக்குறை, பதிவேடுகள் குழப்பம். மனுப் போட்டுவிட்டு வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வசதியில்லாதவர்கள் ஊரோரம் கூடாரம் அடித்தார்கள். கூடாரங்கள் பெருகி அந்த இடத்துக்கு ‘டென்ட்ஃபான்டைன்’ என்றே பெயர் விழுந்தது. வசதியுள்ளவர்கள் ஹோட்டலில் தங்கினார்கள்.

ஆக, அரசாங்கத்தின் தாமதம் ஒவ்வொரு நாளும் ஹோட்டல்காரருக்கு வாடகையாக மாறியது. ரயில்வேக்கு அந்த ஆளிடமிருந்து கிடைத்தது ஒரு டிக்கெட் காசு, கொஞ்சம் சாமான் கட்டணம். ஹோட்டலுக்கு அதே ஆளிடம் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, சலவை, குதிரை லாயம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாராயம். காத்திருப்பவன் குடிப்பான், கூடிப் பேசுவான், சூதாடுவான். இந்த ஆய்வில் நான் கண்ட முதல் முடிவு இதுதான்: ரயில் கொண்டுவந்த மதிப்பு, வண்டி நின்ற இடத்துக்கும் நிலம் கிடைத்த நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தங்கிவிட்டது. அந்த இடைவெளியில் கட்டில் போட்டவருக்கு அது சேர்ந்தது.

வராந்தா

மேஜர் ரிங்கர், வினியர்ல்ஸ் என்ற இருவர் தொடங்கிய நார்ஃபோக் வேறு வகை. ஸ்டேஷனிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி, ஊரின் வடகோடியில், கல்லுக் கட்டடம். ரயிலடியில் இடம் பிடிக்காமல் தள்ளிப்போய்க் கட்டியது தப்புக் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் பஜாரின் நெரிசல் இல்லாத இடம் அது. அவர்கள் குறிவைத்ததும் பணக்காரர்களை. டெலமியரும் அவர் கூட்டாளிகளும் அங்கேயே கூடியதால் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவையின் பெயரான ‘பிரபுக்கள் சபை’ என்று பட்டப்பெயர் வந்தது. முன்வராந்தாவில் உட்கார்ந்தால் சாலையில் வருவோர் போவோர் எல்லாம் தெரியும். நிலச் செய்தி, வேலையாள் செய்தி, கவர்னர் என்ன சொன்னார் என்ற செய்தி எல்லாம் முதலில் வந்து சேரும் இடம் அந்த வராந்தா.

நிலம் தேடுவோர் கூட்டம் குறைந்தபோது வேட்டைக்காரர்கள் வந்தார்கள். இது ரயில்வே தானே உண்டாக்கிய சந்தை. பாதையின் தென்புறம் வனவிலங்குக் காப்பிடம். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே வரிக்குதிரைக் கூட்டத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்க்கலாம். உகாண்டா ரயில்வே லண்டனில் விளம்பரச் சுவரொட்டி போட்டு, இந்த மேட்டுநிலத்தைப் பிரபுக்கள் குளிர்காலம் கழிக்கும் இல்லம் என்று சொல்லிக் கூப்பிட்டது. வேட்டை உரிமத்துக்கு 50 பவுண்டு. அது கொடுக்கக்கூடியவர் ஹோட்டலில் பேரம் பேச மாட்டார். 1909ல் பதவிக்காலம் முடிந்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், எஞ்சினுக்கு முன்னால் பொருத்திய பலகையில் உட்கார்ந்து விலங்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நார்ஃபோக்கின் புகழ்ப் பட்டியலில் அவர் பெயர் இன்றும் முதலில் நிற்கிறது. விளம்பரச் செலவு ரயில்வேயுடையது, அறை வாடகை ஹோட்டலுடையது.

ரயில்வேயின் பெட்டியை நிரப்பியது யார் என்றால், அது வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. 1903, 1904 வாக்கில் உகாண்டாவில் ஆப்பிரிக்க விவசாயிகள் பருத்தி போட ஆரம்பித்தார்கள். ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்த அந்தப் பருத்திதான் வருஷத்துக்கு வருஷம் கூடி, பாதையின் நம்பகமான சரக்காயிற்று. வெள்ளைக்காரப் பண்ணைகளின் மக்காச்சோளத்துக்குச் சலுகைக் கட்டணம். ரயிலைக் காப்பாற்றுவதற்காகக் குடியேற்றப்பட்டவர்களை, கடைசியில் ரயில் காப்பாற்ற வேண்டியதாயிற்று. எலியட்டின் திட்டம் ஹோட்டலுக்குப் பலித்த அளவுக்கு ரயிலுக்குப் பலிக்கவில்லை.

கதவுக்கு வெளியே

இந்தியர்களின் நிலை என்ன? தொழிலாளர்களையும் சாமான்களையும் ரயிலுக்கு ஏற்பாடு செய்த கராச்சிக்காரர் அலிபாய் முல்லா ஜீவன்ஜி நைரோபியில் கட்டடங்கள் கட்டினார், மார்க்கெட் கட்டினார், மொம்பாசாவில் பத்திரிகை நடத்தினார், நைரோபிக்கு ஒரு பூங்காவும் கொடுத்தார். சட்டசபையில் வெள்ளையரல்லாத முதல் உறுப்பினரும் அவரே. ஆனாலும் மேட்டுநிலத்தில் விவசாய நிலம் இந்தியருக்குக் கொடுப்பதில்லை என்று லண்டனே முடிவு செய்துவிட்டது. பெரிய ஹோட்டல்களில் விருந்தாளியாகத் தங்க முடியாது. பாதை போட்டவர்களின் பிள்ளைகளுக்கு, அந்தப் பாதையால் பிழைத்த ஹோட்டலில் ஒரு நாற்காலி இல்லை. இந்த அநியாயத்தை எடுத்துப் பேசியவர்களில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். 1923ல் கென்ய இந்தியர் பிரச்சினைக்காக லண்டன் போய் வாதாடினார். அந்த ஆண்டு வந்த வெள்ளை அறிக்கை, ஆப்பிரிக்கர் நலனே முதன்மை என்று அறிவித்தது. ஆனால் மேட்டுநிலத்தை வெள்ளையருக்கே விட்டுவைத்தது. சாஸ்திரி மனம் நொந்துபோனார்.

ஆப்பிரிக்கர்களுக்கு விழுந்த அடி இதைவிடப் பெரிது. குடிசைக்கு இத்தனை ரூபாய் என்று வரி போட்டார்கள். ரூபாய் வேண்டுமென்றால் கூலிக்குப் போக வேண்டும், பண்ணைக்கோ ரயிலுக்கோ ஹோட்டல் சமையலறைக்கோ. ஹோட்டல் நிர்வாகக் கணக்கில் ‘மலிவான வேலையாள்’ என்று ஒரே வரியில் வருவது இப்படித்தான் உண்டாக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு, கழுத்தில் தொங்கவிட வேண்டிய ‘கிபாண்டே’ என்ற பதிவுச் சீட்டும் வந்தது. வரியை உயர்த்தினார்கள், 1921ல் கூலியைக் குறைக்கவும் முதலாளிகள் முடிவு செய்தார்கள். அரசுக் கருவூலத்தில் தொலைபேசி இயக்குபவராக இருந்த ஹாரி துக்கு என்ற கிகுயு இளைஞர் இதை எதிர்த்துச் சங்கம் அமைத்தார். 1922 மார்ச் 14 அன்று அவரைக் கைது செய்தார்கள். இரண்டு நாள் கழித்து, அவரை விடச் சொல்லி போலீஸ் நிலையத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. மேரி முத்தோனி நியாஞ்சிரு என்ற பெண் முன்னால் நின்று ஆண்களைத் தூண்டினார். போலீஸ் சுட்டது. அந்த நிலையம் நார்ஃபோக் ஹோட்டலின் எட்டும் தூரத்தில் இருந்தது. ஹோட்டல் வராந்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் துப்பாக்கிகளை எடுத்து, அவர்களும் சுட்டார்கள். இறந்தவர் எண்ணிக்கை அரசுக் கணக்கிலேயே இருபதைத் தாண்டியது. நியாஞ்சிருவும் இறந்தார்.

இதைப் படித்த பிறகு ‘பிரபுக்கள் சபை’ என்ற பட்டப்பெயரை என்னால் சிரித்துக்கொண்டே படிக்க முடிவதில்லை. ஹோட்டல் வரலாற்றுக் கையேடுகளில் ரூஸ்வெல்ட் வருகிறார், இந்த நாள் பல நேரம் வருவதில்லை.

மெத்தைக்காரர் திரும்பி வந்தது

ஹோட்டல்களைத் தொடங்கியவர்களின் கையிலேயே அவை இருந்துவிடவில்லை. புல் அடைத்து மெத்தை தைத்த ஆப்ரகாம் பிளாக் 1927ல் நார்ஃபோக்கை வாங்கினார். 1947ல் நியூ ஸ்டான்லியையும் வாங்கினார். ஒரு காலத்தில் எந்த ஹோட்டலுக்கு மெத்தை கொடுத்தாரோ அதே ஹோட்டல். அவர் குடும்பம் கென்யாவின் பெரிய ஹோட்டல் குழுமத்தை உருவாக்கியது. காலனிக்குள் கையில் காசில்லாமல் வந்தாலும், தோல் வெள்ளையாக இருந்தால் ஏறிப்போக ஒரு படி இருந்தது. பிளாக்கின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது பெரிய உழைப்பு. அதே ஆண்டுகளில் அதே ஊரில் இருந்த கோவா சமையல்காரருக்கும் கிகுயு அறைப் பணியாளருக்கும் அந்தப் படி இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கென்யா 1963 டிசம்பரில் விடுதலை பெற்றது. தெருப் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறின. விக்டோரியா தெரு டாம் எம்போயா தெரு ஆயிற்று. நார்ஃபோக் ஹோட்டல் 1904ல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் வாசலில் ஓடும் சாலைக்கு இப்போது ஹாரி துக்கு சாலை என்று பெயர்.